சேலத்துக்கு வேலைக்கு வந்தவங்க நம்மள மாதிரியே மாறணுமா?

கொலுசுப்பட்டறை: செவ்வாப்பேட்டையில எங்க பட்டறையில எட்டு பேரு, அதுல அஞ்சு வடநாட்டுப் பசங்க. வேலையில ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா நாலு வருஷமா இருக்கற பையனுக்கு "சாப்டாச்சாண்ணா"வத் தாண்டி ஒரு வார்த்தை வரல, அறுபது வயசு பத்தவைக்கறவரு அவனுக்காக இந்தி பேசப் பழகறாரு, இது நியாயமாங்க? வந்த ஊரு பாஷை, பழக்கம் எல்லாம் ஏத்துக்கணும். ஃபிரான்ஸ்ல 2004லயே அரசு ஸ்கூலுக்கு மத அடையாளம் பளிச்சுனு தெரியற மாதிரி போட்டு வரக்கூடாதுன்னு சட்டம் போட்டாங்க.

அம்மாபேட்டை தறி: அண்ணா, எங்க வீட்ல இன்னைக்கும் பேசறது சௌராஷ்ட்ரா பாஷை தான். தறியில இழை அறுந்தா எங்க பாட்டி திட்டறது சௌராஷ்ட்ரால, பாவு நூலுக்குப் பேரம் பேசறது சுத்த சேலத்துத் தமிழ்ல. நாங்க தமிழ்நாட்டுக்காரங்க இல்லையா? அவங்கவங்க மொழியக் காப்பாத்திக்கற உரிமை அரசியல் சட்டம் 29வது பிரிவுலயே இருக்கு, அதுவும் இவங்க வெளிநாட்டுக்காரங்க கூட இல்ல.

கொலுசுப்பட்டறை: தம்பி நீங்க தமிழ் பேசறீங்கல்ல, அதத்தான் நானும் கேக்கறேன்.

டொரோன்டோ சேலத்துக்காரி: பேசறதுக்கு யாரு சொல்லித் தந்தா? அதான் கேள்வி. கனடா 1971ல பன்முகக் கலாச்சாரம் தான் எங்க கொள்கைன்னு அறிவிச்சு 1988ல சட்டமாவே ஆக்கிட்டாங்க, ஆனா குடியுரிமை வேணும்னா 18ல இருந்து 54 வயசு வரைக்கும் இங்கிலீஷோ ஃபிரெஞ்சோ தெரியணும். அதுக்கு அரசாங்கமே இலவசமா கிளாஸ் வைக்குது, நானும் வந்த புதுசுல குழந்தைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்து படிச்சேன். வீட்ல தமிழ விடுன்னு ஒருத்தரும் சொல்லல. ஜெர்மனி 1961ல துருக்கியோட ஒப்பந்தம் போட்டு ஆள் எடுத்தப்ப, எப்படியும் திரும்பிப் போயிடுவாங்கன்னு நெனச்சு பாஷை சொல்லித்தர அக்கறை காட்டல, ஒழுங்கா தேசம் முழுக்க அரசு வகுப்பு வந்தது 2005ல. நடுவுல 44 வருஷம் போச்சு!

மூணாங்கிளாஸ் டீச்சர்: எங்க கிளாஸ்ல பீகார் பொண்ணு ஒருத்தி, அப்பா பட்டறையில வேலை. ஜூன்ல வந்தப்ப வாயே திறக்கல, இப்ப பலகையில "மழை" எழுதிட்டு 'ழை'ய மட்டும் விரலால அழிச்சு அழிச்சு திருத்தறா, சாயங்காலம் அவ அம்மாவுக்கு மளிகைக்கடையில இவதான் பேசிக் குடுக்கறா. அவளோட இந்தி பாஷையப் பிடுங்கிட்டு நான் தமிழ் சொல்லித் தரல. ஆனா அவ அப்பாவுக்கு யாரு இருக்கா? பட்டறைக்காரரே, உங்க பசங்களுக்கு எத்தன மணிக்கு வேலை முடியும்?

கொலுசுப்பட்டறை: ராத்திரி ஒம்பதாயிடும் டீச்சர்.

மூணாங்கிளாஸ் டீச்சர்: அப்புறம் எப்பங்க கத்துக்குவான்?

கொலுசுப்பட்டறை: சரிங்க, அது எங்க மேல தப்பு தான், நான் அத யோசிக்கல. தமிழ் கத்துக்கணும்ங்கறதுல இப்பவும் நான் மாறல. ஞாயித்துக்கெழம மத்தியானம் லீவு, பசங்ககிட்ட கேக்கறேன், நீங்க வருவீங்களா?

மூணாங்கிளாஸ் டீச்சர்: வரேங்க. சிலேட்டு மட்டும் வாங்கி வைங்க.