இறுதி வகுப்பின் நினைவு மலர்: எல்லோர் சார்பிலும் ஒருவர் எழுதுவது எப்படி?

கேள்வி: மலர்க்குழு மாணவி

வணக்கம். நாங்கள் இவ்வாண்டு பள்ளிப் படிப்பை முடித்து வெளியேறும் வகுப்பினர். பிரிவு விழாவன்று வெளியாகும் நினைவு மலருக்காக, ஒன்பதாம் வகுப்பு முதல் இன்றுவரையிலான ஆண்டுகளைத் திரும்பிப் பார்க்கும் கட்டுரை ஒன்றை வகுப்பு முழுவதன் சார்பில் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. முதல் வரைவை மலர்க்குழுவில் படித்துக் காட்டினேன். "பசுமையான நினைவுகள்", "சிறகடித்துப் பறந்த நாட்கள்" என்றெல்லாம் அதில் இருந்தன, கைதட்டலும் கிடைத்தது. ஆனால் பதினொன்றாம் வகுப்பில் வந்து சேர்ந்த ஒரு தோழி, தாளைத் திருப்பித் தரும்போது, "நன்றாக இருக்கிறது; இதில் நான் எங்கே இருக்கிறேன் என்றுதான் தெரியவில்லை" என்றாள். அதை அவள் குறையாகச் சொல்லவில்லை என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

வேறொரு சிக்கலும் உண்டு. ஆண்டு விழா நாடகத்தின் நடுவில் திரை சிக்கிக்கொள்ள, அரசனாக நடித்தவன் கிரீடத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஏணியில் ஏறி அதை விடுவித்த கதை எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். எழுத உட்கார்ந்தபோதுதான், அது நடந்தது ஒன்பதாம் வகுப்பிலா பத்தாம் வகுப்பிலா என்பதிலேயே கருத்து வேறுபாடு இருப்பது தெரிந்தது. ஏறியவன் அரசன் அல்லன், காவலன் என்று இருவர் உறுதியாகக் கூறுகிறார்கள். அவர்களில் ஒருவன் காவலனாக நடித்தவன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கசப்பான எதுவும் மலரில் இடம்பெற வேண்டாம் என்பது பொறுப்பாசிரியரின் விருப்பம். இத்தனைக்கும் நடுவில், எல்லோரும் தங்களுடையது என்று ஒப்புக்கொள்ளும் ஒரு கட்டுரையை எழுத முடியுமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற மொழியாசிரியர்

அன்புள்ள மாணவிக்கு, பள்ளி மலர்களைத் தொகுக்கும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இத்தகைய கட்டுரைகளில் பெரும்பாலானவை உண்மையில் ஒரே கட்டுரைதான். பள்ளியின் பெயரையும் ஆண்டையும் மாற்றிவிட்டால் எந்த வகுப்புக்கும் பொருந்திவிடும். எழுதுபவரின் திறமைக் குறைவு இதற்குக் காரணம் அன்று. தகவல் திரட்டும்போது கேட்கப்படும் கேள்விதான் காரணம். "மறக்க முடியாத அனுபவம் எது?" என்று கேட்டால் வகுப்பில் பாதிப்பேர் சுற்றுலாவையும் மீதிப்பேர் விளையாட்டு விழாவையும் எழுதித் தருவார்கள், ஏனெனில் அப்படித்தான் பதில் சொல்ல வேண்டும் என்று அந்தக் கேள்வியே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

கேள்வியைச் சுருக்கிக் கேளுங்கள். மழை அடிக்கும்போது எந்தச் சன்னல் சாத்த வராது, அதன் அருகில் யார் உட்கார்ந்திருந்தார்? கடைசிப் பாடவேளையில் கரும்பலகையின் எந்த மூலை வெயிலில் பளபளத்துப் படிக்க முடியாமல் போகும்? தேர்வு முடிந்து வெளியே வந்ததும் விடைகளை ஒப்பிட்டுப் பேச மறுத்து விலகிப் போகிறவர் யார்? இவற்றுக்கு வரும் விடைகளில் உங்கள் வகுப்பு இருக்கும், வேறெந்த வகுப்பும் இருக்காது. இடையில் வந்து சேர்ந்த உங்கள் தோழியிடம், முதல் நாள் வாசலில் நின்று எந்த இருக்கை காலியாக இருக்கிறது என்று தேடியபோது கண்ணில் பட்டவற்றை எழுதச் சொல்லுங்கள். ஒன்பதாம் வகுப்பு முதல் ஒன்றாக இருந்தவர்கள் எவருக்கும் அந்த வகுப்பு அப்படித் தெரிந்திராது.

திரை விவகாரத்தில் ஆண்டைத் தீர்மானிக்க விழா அழைப்பிதழோ நிகழ்ச்சி நிரலோ யாரிடமாவது இருக்கும். ஆண்டு என்பது விவாதத்துக்குரிய பொருளே அன்று. ஏறியது யார் என்பதை மட்டும் இரு தரப்பும் சொன்னபடியே அடுத்தடுத்து அச்சிட்டுவிடுங்கள். படிப்பவர்களுக்கு அந்தச் சச்சரவுதான் பிடிக்கும்.

பதில்: நினைவாற்றல் குறித்துப் பயிலும் உளவியல் மாணவர்

ஐயா கூறிய முறைக்கு ஆய்வுகளின் துணையும் இருக்கிறது என்பதால் சிலவற்றைச் சேர்க்கிறேன். முதலாவதாக, எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்து நினைவுகளைச் சேகரிக்காதீர்கள். குழுவாகச் சேர்ந்து நினைவுகூர்பவர்கள், அதே எண்ணிக்கையிலானோர் தனித்தனியே நினைவுகூர்ந்தவற்றைத் தொகுத்தால் கிடைப்பதைவிடக் குறைவாகவே நினைவுகூர்கிறார்கள் என்பதை வெல்டன், பெல்லிங்கர் ஆகிய இருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பின்வந்த பல ஆய்வுகளும் இதை உறுதிப்படுத்தியிருக்கின்றன. ஒருவர் பேசத் தொடங்கியதும், மற்றவர் தமக்கே உரிய ஒழுங்கில் நினைவுகளைத் தேடிச் செல்லும் போக்கு குலைந்துவிடுகிறது என்பது இதற்குக் கூறப்படும் முக்கியமான விளக்கம். ஆகவே முதலில் தனித்தனியே எழுதி வாங்குங்கள், பிறகு கூடிப் பேசுங்கள். வரிசை மாறினால் பயன் போய்விடும்.

இரண்டாவது, மதிப்பெண் தொடர்பானது. அமெரிக்க உளவியலாளர் ஹாரி பாரிக்கும் அவருடைய குழுவினரும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், 99 கல்லூரி மாணவர்கள் தங்கள் உயர்நிலைப் பள்ளித் தரநிலைகளை நினைவிலிருந்து கூறினார்கள். அவற்றைப் பள்ளிப் பதிவேடுகளோடு ஒப்பிட்டபோது, உயர்ந்த தரமான 'ஏ' பெற்ற பாடங்களில் 89 சதவீதம் சரியாக இருக்க, தாழ்ந்த தரமான 'டி' பெற்றவற்றில் 29 சதவீதமே சரியாக இருந்தது. தவறுகளில் பெரும்பாலானவை உண்மையைவிட உயர்வாகச் சொல்லப்பட்டவை. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று கொள்ள வேண்டியதில்லை, நினைவே அந்தப் பக்கமாகச் சாய்கிறது. சில ஆண்டுகளுக்கு முந்தைய, எழுத்தில் உள்ள மதிப்பெண்ணுக்கே இக்கதி என்றால், ஏணியில் ஏறியவர் யார் என்பதில் காவலனைக் குற்றம் சொல்வதற்கில்லை.

மூன்றாவது, மலரின் அமைப்பைப் பற்றியது. இதே பாரிக் தம் சக ஆய்வாளர்களுடன் 1975இல், 17 முதல் 74 வயது வரையிலான 392 பேரிடம் அவர்களுடைய பள்ளி ஆண்டு மலர்ப் படங்களைக் கொண்டே சோதனை நடத்தினார். பள்ளியை விட்டு ஏறத்தாழ 35 ஆண்டுகள் ஆன பிறகும் வகுப்புத் தோழர்களின் முகங்களைச் சுமார் 90 சதவீத அளவுக்கு அடையாளம் கண்டவர்கள், படத்தைப் பார்த்துப் பெயரைச் சொல்வதில் வெகுவாகப் பின்தங்கினார்கள். எனவே வகுப்புப் படத்தின் கீழ் வரிசைவாரியாக, இடமிருந்து வலமாக எல்லோர் பெயரையும் அச்சிடுங்கள். இன்று அது தேவையற்றதாகத் தோன்றும் என்பதாலேயே பல மலர்களில் விட்டுப்போகிறது.

பதில்: 2022இல் பள்ளி முடித்தவர்

மேலே உள்ள இரு பதில்களும் பயனுள்ளவை. ஆனால் தோழியின் கேள்விக்கு அவை முழுமையான விடையாகாது என்று எனக்குத் தோன்றுகிறது. சன்னலையும் கரும்பலகையையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதினாலும், எல்லோரும் ஒரே அனுபவத்தைப் பெற்றார்கள் என்ற தொனி வந்துவிட்டால் ஒதுங்கி நின்றவர்கள் ஒதுங்கியேதான் நிற்பார்கள். 2020இல் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது நாங்கள் உயர்நிலை வகுப்பில் இருந்தோம். எங்கள் மலரில் அந்தக் காலம் முழுவதற்கும் ஒதுக்கப்பட்டது ஒரே வரி: "இணையவழியிலும் இணைந்தே பயின்றோம்." தனி அறையும் கணினியும் இருந்தவருக்கு அது உண்மையாக இருக்கலாம். வீட்டிலிருந்த ஒரே கைபேசியைத் தம்பியோடு பங்கிட்டு, அவனுடைய வகுப்பு முடியும்வரை காத்திருந்துவிட்டு, பாதிப் பாடத்தில் நுழைந்து, "ஏன் தாமதம்?" என்ற கேள்விக்கு ஒலியை அணைத்து வைத்தபடியே உட்கார்ந்திருந்த என்னைப் போன்றவர்களுக்கு, அந்த வரி வேறு யாரோ சிலரைப் பற்றியது.

அதனால் ஒரே குரலில் எழுதும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள் என்பேன். பொதுவான பகுதி ஒரு பக்கம் போதும். மீதி இடத்தைப் பெயரிட்ட சிறு பத்திகளுக்குக் கொடுங்கள். "எங்களில் சிலர்" என்று எழுத வேண்டிய இடத்தில் அப்படியே எழுதுங்கள். இடையில் படிப்பை நிறுத்தியவர்களையும் வேறு பள்ளிக்கு மாறியவர்களையும் கேட்டு, அவர்கள் விரும்பினால் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களும் இந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள்தாம்.

கசப்பைப் பொறுத்தவரை, கேலிக்கு ஆளானவரின் கதையை அவருடைய அனுமதியின்றி மற்றவர் எழுதக் கூடாது, அது எவ்வளவு பரிவோடு எழுதப்பட்டிருந்தாலும் சரி. அவரே எழுதித் தந்தால், கேலி செய்தவர்களின் பெயர் இல்லாமல் வெளியிடலாம்.

கேள்வியாளர்:

மூவருக்கும் மிக்க நன்றி. ஆளுக்கு ஒரு தாள் வீதம் தனித்தனியே எழுதி வாங்க முடிவு செய்திருக்கிறோம். இப்படிப் பெறும் பத்திகளில் வருத்தமான சிலவற்றைப் பொறுப்பாசிரியர் நீக்கச் சொன்னால் என்ன செய்வது என்பது மட்டுமே மீதமிருக்கிறது.

பதில்: ஓய்வுபெற்ற மொழியாசிரியர்

அவர் நீக்கச் சொல்லும் வரை காத்திருக்காதீர்கள், மகளே. பக்க வடிவமைப்பு முடிந்தபின் ஒரு பத்தியை எடுப்பது அவருக்கும் சங்கடம், எழுதியவருக்கும் அவமானம். தாள்கள் வந்து சேர்ந்ததும், ஐயத்துக்குரிய இரண்டு மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதியவர்களையும் உடன் அழைத்துப் போய்க் காட்டுங்கள். "கசப்பு வேண்டாம்" என்று ஆசிரியர்கள் சொல்லும்போது பெரும்பாலும் அஞ்சுவது பெயர் குறிப்பிட்ட புகார்களுக்குத்தான். பத்தியைப் படித்துப் பார்த்த பிறகு ஒரு சொல்லை மாற்றச் சொல்வதோடு நின்றுவிடுவார்கள். அப்படியும் மறுத்தால், அந்தப் பத்தியைத் திருத்தி இனிப்பாக்கி வெளியிடுவதைவிட எழுதியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவது நேர்மையானது. வேறு என்ன சேர்ப்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.