டோலமைட்ஸ் வியா ஃபெர்ராட்டா: ஸ்லிங் போதுமா, செட் வாங்கணுமா?

நடைவாசி (கேள்வி)

வணக்கம். செப்டம்பர் முதல் வாரம் இத்தாலியின் டோலமைட்ஸ் மலையில் இருக்கும் கொர்தினாவில் தங்கி ஒன்றிரண்டு வியா ஃபெர்ராட்டா (பாறையில் ஆணியடிச்சுக் கட்டின இரும்புக் கேபிளில் மாட்டிக்கிட்டு ஏறும் பாதை) ஏறலாம்னு இருக்கோம். நான் 104 கிலோ, மனைவி 58, மகன் 34 (வயசு 11). மலைநடை நல்லாவே பழக்கம், கேபிள் பிடிச்சு ஏறினது இல்லை. ஹார்னஸ் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டை), ஹெல்மெட் மூணு பேருக்கும் இருக்கு. 2010-இல் தயாரான பழைய ஃபெர்ராட்டா செட் (ஹார்னஸைக் கேபிளோடு இணைக்கும், நுனியில் கொக்கி வச்ச ரெண்டு பட்டைக் 'கைகள்' உள்ளது) ஒண்ணு மலிவா வருது. மத்த ரெண்டு பேருக்கும் 120 செ.மீ. ஸ்லிங் (வளையமாத் தைச்ச வெறும் பட்டை), ஆளுக்கு ரெண்டு காரபினர் (திறந்து மூடும் கொக்கி)னு சமாளிக்கலாமா? முதல் தடவைக்கு எந்தப் பாதை சரி?

கம்பிப்பாதை

ஸ்லிங் வேண்டவே வேண்டாம். செங்குத்தான இடத்தில் மேல் ஆணியை எட்டப் போகும்போது கால் வழுக்கினால், காரபினர் கேபிளிலேயே சறுக்கிக் கீழ் ஆணியில் போய்த்தான் நிற்கும். இரண்டு ஆணிகளுக்கு நடுவே 3 மீட்டர் என்று வையுங்கள். அதோடு ஸ்லிங்கின் நீளமும் சேர்ந்து 4, 5 மீட்டர் விழுவீர்கள். அந்த வேகம் முழுவதையும் ஒரு மீட்டர் ஸ்லிங் நிறுத்த வேண்டும், அதுவோ நீளவே நீளாது. கயிறு கட்டிப் பாறை ஏறும்போது விழும் தூரத்தைக் கயிற்றின் நீளத்தால் வகுத்தால் 2-க்கு மேல் போகாது. இங்கே சர்வசாதாரணமாக 4, 5 வரும். காரபினர் உடையும், இல்லையென்றால் ஸ்லிங் அறும். இரண்டும் தாங்கினால் இடுப்பும் முதுகும் தாங்காது.

செட்டில் இருக்கும் ஷாக் அப்சார்பர் (அதிர்ச்சியை உள்வாங்கும் பகுதி) இதற்காகத்தான். மடித்துத் தைத்த பட்டை தையல் தையலாகக் கிழிந்து வேகத்தை விழுங்கும். இந்த செட்டுகளுக்கான ஐரோப்பியத் தரம் ஈ.என். 958-இன் 2017 பதிப்புப்படி, விழும்போது வரும் விசை 120 கிலோ எடைக்கு அதிகபட்சம் 6 கிலோநியூட்டன் (விசையின் அலகு), 40 கிலோவுக்கு 3.5. பட்டை 2.2 மீட்டர் வரை கிழியலாம். அதற்குள் கீழே ஒரு படிப்பாறை இருந்தால் அதில் மோதுவீர்கள். அதனால் செட் மாட்டியிருந்தாலும் ஃபெர்ராட்டாவில் விழவே கூடாது என்றுதான் ஏற வேண்டும்.

2010 செட்டைத் தொடாதீர்கள். 2012-இல் எலாஸ்டிக் கைகள் தேய்ந்து அறுந்ததால் பல தயாரிப்புகள் திரும்பப் பெறப்பட்டன. 2013-இல், கயிறு உராய்ந்து நிறுத்தும் பழைய வகையும் திரும்பப் பெறப்பட்டது. கொர்தினா கடைகளில் வாடகைக்கே கிடைக்கும். லேபிளில் தயாரிப்பு ஆண்டும் 40–120 கிலோ என்பதும் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

120 என்பது உடை, ஷூ, பை எல்லாம் சேர்த்து. 104 கிலோ ஆளுக்குப் பை 6, 7 கிலோவைத் தாண்டக் கூடாது. மகன் விஷயம் வேறு: 34 கிலோவுக்கு அப்சார்பர் சரியாகத் திறக்காது, அடி முழுக்கக் குழந்தையின் உடம்பில் இறங்கும். செட் மாட்டினாலும் மேலிருந்து ஒருவர் கயிற்றில் பிடித்தே ஆக வேண்டும். அந்தக் கயிற்று வேலை பழகாதவர் மலை வழிகாட்டி வைத்துக்கொள்வதே சரி.

பாறைநிழல்

மாட்டும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். செட்டின் வளையத்தை ஹார்னஸின் பிலே லூப்பில் (முன்பக்கம் நடுவில் இருக்கும் தடித்த வளையம்) நுழைத்து, இரண்டு கைகளையும் அப்சார்பரையும் அதற்குள்ளேயே விட்டு இழுத்து இறுக்குங்கள். நடுவில் தனிக் காரபினர் வேண்டாம். ஆணி வந்ததும் ஒரு கையைக் கழற்றி அடுத்த பக்கம் மாட்டிய பிறகுதான் மற்றதைத் தொட வேண்டும். ஒரு கை இடைஞ்சலாக இருக்கிறதென்று அதை ஹார்னஸில் மாட்டுவது பெரிய ஆபத்து. விழும்போது விசை அப்சார்பரைத் தொடாமல் அந்தக் கை வழியாகவே உடம்புக்கு வந்துவிடும்.

ஓய்வெடுக்க செட்டில் ஒரு குட்டை வளையம் இருக்கும். அதில் பூட்டுக் காரபினர் போட்டு ஆணியில் மாட்டித் தொங்கலாம், கிளம்பும்போது கழற்ற மறக்கக் கூடாது. இரண்டு ஆணிகளுக்கு நடுவே ஒருவர் மட்டும். முன்னால் போகிறவர் விழுந்தால் உங்கள் மேல்தான் வருவார். தோல் கையுறை கட்டாயம், இழை பிரிந்த கேபிள் உள்ளங்கையைக் கிழித்துவிடும்.

நடைவாசி

ரொம்ப நன்றி. செட் வாடகைக்கே எடுத்துக்கறோம், வழிகாட்டியும் வைக்கிறோம். ஒரு பாதைக்கு "எஃப்" தரம்னு போட்டிருக்கு. அது எளிதா, கடினமா?

பனிக்கோடு

எந்த நாட்டு அளவுகோல் என்று முதலில் பாருங்கள். இத்தாலியில் எஃப் என்றால் எளிது. ஆஸ்திரிய அளவுகோல் ஏ-யில் தொடங்கும், அதில் எஃப் உச்சக் கடினம். ஜெர்மன் கையேடுகளில் கே1 முதல் கே6. உங்களுக்கு ஏ, பி அல்லது கே1, கே2 போதும்.

முதல் நாள் லகட்சுவோய் சுரங்கம். ஃபல்ட்சாரெகோ கணவாயிலிருந்து (2105 மீ.) கேபிள் காரில் மேலே போய், முதல் உலகப் போரில் இத்தாலிய வீரர்கள் குடைந்த சுரங்கம் வழியாக இறங்கலாம். உள்ளே படிகள் உயரமாக, ஈரமாக, கும்மிருட்டாக இருக்கும். ஆளுக்கொரு தலைவிளக்கு வேண்டும், போன் வெளிச்சம் உதவாது, கேபிளைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறுவதற்கு இதை வைத்துக்கொண்டு கேபிள் காரில் இறங்குவது நல்லது.

அடுத்து அவெராவ் (2649 மீ.). சிங்க்வே தோர்ரி நாற்காலி லிஃப்டில் போனால் நடை குறையும். கேபிள் பகுதி குட்டைதான், ஆனால் தொடக்கப் பாறை தேய்ந்து வழவழப்பாக இருக்கும். இறங்குவதும் அதே வழி என்பதால் பத்து மணிக்கு மேல் நெரிசல். கோல் தெய் போஸ் பக்கம் இருக்கும் அல்பீனி ஃபெர்ராட்டாவை இந்தத் தடவை விட்டுவிடுங்கள், கே3 அது.

இடியை மறக்காதீர்கள். கேபிள் முழு நீளமும் இரும்பு, மின்னல் தொலைவில் விழுந்தாலும் கடத்தும். வெனெத்தோ மாநில வானிலைத் துறை டோலமைட்ஸுக்கென்று தனி அறிக்கை தருகிறது. பிற்பகல் இடி என்று அதில் இருந்தால் மதியத்துக்குள் கேபிளை விட்டு இறங்கியிருக்க வேண்டும். காலையிலேயே மேகம் கோபுரமாக எழும்பினால் ஏறவே வேண்டாம்.

அவசரத்துக்கு 112. சிக்னல் இல்லாவிட்டால் நிமிடத்துக்கு 6 முறை விசில் அல்லது விளக்கு, ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடியும். பதில் 3 முறை வரும். ஹெலிகாப்டர் வந்தால் இரண்டு கைகளையும் மேலே விரித்து நில்லுங்கள், உதவி வேண்டும் என்று பொருள். மலை மீட்புச் செலவு உங்கள் பயணக் காப்பீட்டில் சேருமா என்று கிளம்பும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.