ஸ்கூல் பாண்டுக்கு ஓட்டு கேட்டு வாசல் வாசலாகப் போன கதை

கலிபோர்னியா, ஈஸ்ட் பே

எங்கள் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில் (ஊர் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) மறுபடியும் பாண்டு வரப்போகிறது என்று பேச்சு. பாண்டு என்றால் பள்ளிக் கட்டடங்களுக்காக டிஸ்ட்ரிக்ட் வாங்கும் கடன். ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டுச் சம்மதித்தால் வாங்கலாம், வீட்டு வரியோடு வசூலித்து அடைப்பார்கள். போன தடவை எனக்கு நடந்ததை எழுதுகிறேன், மற்ற ஊர்க்காரர்களும் எழுதுங்கள்.

அப்போது எனக்கு ஓட்டு கிடையாது. ஹெச்-1பி வேலை விசாவில் இருந்தேன், குடியுரிமை இல்லை. டிசம்பர் 10, ஏப்ரல் 10 என்று வீட்டு வரியின் இரண்டு தவணையையும் கெடு தவறாமல் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த பில்லில் பழைய பாண்டு ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு வரி இருக்கும் (இரண்டு அர்த்தத்திலும்). பள்ளியில் படிப்பது என் பையன், பணம் என்னுடையது, முடிவு எடுப்பது மட்டும் வேறு யாரோ. சரி, போடத்தான் முடியாது, கேட்கவாவது போகலாமே என்று பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் கழக) அம்மாக்களோடு கிளம்பினேன்.

அதற்கு முந்தைய வாரம் நல்ல மழை. பள்ளி நூலகத்தின் நடுவில் ஒரு வாளி. கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுகிறது. பிரின்சிபால் பக்கத்தில் நிற்கிறார். "பெற்றோர் எல்லாருக்கும் ஆதரித்து ஓட்டுப் போடச் சொல்லி நீங்களே ஒரு ஈமெயில் அனுப்பிவிடுங்களேன்" என்றேன். மனிதர் அவசரமாகக் கையை ஆட்டினார். பொதுப் பணத்தில் பிரச்சாரம் கூடாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1976இலேயே சொல்லிவிட்டது. பள்ளி விவரம் தரலாம், ஓட்டு கேட்கக் கூடாது. அதாவது வாளியைக் காட்டலாம், வாளிக்காகப் பேசக் கூடாது.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர். கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் எலுமிச்சை மரம், மரத்தடியில் 'வேண்டாம்' என்ற பலகை. மற்றவர்கள் அந்த வீட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள். நான் மணி அடித்தேன்.

"பிள்ளைகள் படித்து முடித்துப் போயே இருபது வருஷம் ஆகிறது, எனக்கு எதற்கு இந்தச் செலவு?" என்றார். நான் கணக்கைச் சொன்னேன். 1978இல் மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த ப்ரொபொசிஷன் 13 என்ற சட்டம் காரணமாக, வீட்டின் வரி மதிப்பு வாங்கிய விலையிலிருந்து வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. பாண்டு வரி அந்த மதிப்பின் மேல்தான். எல்லா வகுப்பும் உள்ள டிஸ்ட்ரிக்டுக்கு, மதிப்பில் லட்சம் டாலருக்கு வருஷத்துக்கு 60 டாலர் என்பது ஒரு பாண்டுக்கு உச்ச வரம்பு. அவர் எண்பதுகளில் வாங்கியவர், மதிப்பு 2 லட்சம் என்று வைத்தால் 120 டாலர். என்னுடையது 14 லட்சம், எனக்கு 840. ஒரே தெரு, ஒரே மாதிரி மூன்று படுக்கையறை. "எல்லாருக்கும் ஒரே தொகை என்றல்லவா நினைத்தேன்" என்றார். பார்வையில் கொஞ்சம் இரக்கம்கூடத் தெரிந்தது.

ஆனாலும் விடவில்லை. "ஒரு கழிவறைக் கட்டடத்துக்கு இவ்வளவா? நான் ஒரு வீடே கட்டுவேன்." நியாயமான கேள்வி. பதில் 1933இல் இருக்கிறது. அந்த வருஷம் மார்ச் 10 சாயங்காலம் லாங் பீச்சில் நிலநடுக்கம். 70 பள்ளிகள் தரைமட்டம். ஆறு மணியை நெருங்கிவிட்டதால் வகுப்பில் பிள்ளைகள் இல்லை. ஒரே மாதத்தில் ஃபீல்ட் சட்டம் வந்தது. அன்றுமுதல் இங்கே அரசுப் பள்ளிக் கட்டட வரைபடத்தை மாநில அரசின் கட்டடக் கலைப் பிரிவு பார்த்து ஒப்புதல் தரவேண்டும், கட்டும்போது ஆய்வாளரும் கூடவே நிற்கவேண்டும். செலவு ஏறத்தான் செய்யும்.

அதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "முன்பு ஒரு தடவை நம்பி ஓட்டுப் போட்டேன். சொன்ன ஜிம்மைக் கட்டவே இல்லை." அதற்கு என்னிடம் பதில் இல்லை. பலகையும் அப்படியே இருந்தது.

பாண்டு ஜெயித்தது. 2000இல் வந்த ப்ரொபொசிஷன் 39 புண்ணியத்தில் 55 சதவீதம் போதும். அதற்கு முன் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அந்தச் சலுகைக்குப் பதிலாக, மக்கள் கண்காணிப்புக் குழு ஒன்று கட்டாயம். குறைந்தது ஏழு பேர், அதில் வரி செலுத்துவோர் சங்கத்துக்காரர் ஒருவருக்கும் இடம் உண்டு. அந்த இடத்துக்கு யார் மனுப் போட்டார் என்று நினைக்கிறீர்கள்? எலுமிச்சை மரத்துக்காரர்தான். எந்தக் கட்டடம் கட்டுவது என்று முடிவு செய்ய அந்தக் குழுவுக்கு அதிகாரம் இல்லை, செலவைத்தான் பார்க்கலாம். அவர் பார்க்கிற பார்வையில் ஒப்பந்தக்காரர்கள் நெளிவதை ஒரு கூட்டத்தில் நானே பார்த்தேன்.

டெக்சாஸ், டாலஸுக்கு வடக்கே

அண்ணா, உங்களுக்கு 55. எங்களுக்குப் பாதிக்கு மேல் ஒரு ஓட்டு வந்தால் போதும். ஆனால் 2019 சட்டத்துக்குப் பிறகு ஸ்கூல் பாண்டு கேள்வி ஒவ்வொன்றோடும் 'இது சொத்து வரி உயர்வு' என்று பெரிய எழுத்தில் அச்சடித்தாக வேண்டும். வரி விகிதம் ஒரு சென்ட்கூட ஏறாவிட்டாலும் அதே வாசகம்தான்.

கோயில் சாப்பாட்டு வரிசையில் ஒரு மாமா என்னைப் பிடித்துக்கொண்டார். "வரி உயர்வுன்னு அவனே போட்டிருக்கானேம்மா, அதுக்குப் போய் ஓட்டுக் கேக்கறியே!" இங்கே 65 வயதானவர்களுக்கு, சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் பள்ளி வரி அப்படியே உறைந்துவிடும், புதிதாக அறை கிறை கட்டினால் ஒழிய ஏறாது என்று விளக்கினேன். மாமா முகம் மலர்ந்தது. அப்புறம்தான் தெரிந்தது, வீடு மகன் பேரில். மகனுக்கு வயது 41.

நானும் எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுகிறவள் இல்லை. ஆலன் ஊர்க் கதை இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். 2009 பாண்டில் 6 கோடி டாலர் செலவில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 18,000 பேர் உட்காரும் ஃபுட்பால் ஸ்டேடியம். 2012இல் திறந்தார்கள், 2014இல் கான்கிரீட்டில் விரிசல் என்று மூடிப் பழுது பார்த்தார்கள். இப்போது பெரிய ஸ்டேடியம், நீச்சல் குளம் எல்லாம் தனிக் கேள்வியாக வரவேண்டும். வகுப்பறைக்கு ஆமாம், ஸ்டேடியத்துக்கு இல்லை என்று குத்திவிட்டு வந்தேன். என் பெண் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவள் ஃபுட்பால் ஆட்டங்களில் வாசிக்கும் மார்ச்சிங் பேண்டில் இருக்கிறாள்.

வாஷிங்டன், சியாட்டில் பக்கம்

எங்கள் மாநிலத்தில் 60 சதவீதம் வேண்டும். அது மட்டும் இல்லை, கடைசிப் பொதுத்தேர்தலில் ஓட்டுப் போட்டவர்களில் 40 சதவீத அளவுக்காவது ஓட்டு விழவேண்டும். அதிபர் தேர்தலுக்கு அடுத்த பிப்ரவரியில் பாண்டு வைத்தால் பாருங்கள். எதிர்க்கிறவர் 'இல்லை' என்று போடக்கூட வேண்டாம், கூட்டம் கூட்டமாகச் சும்மா இருந்தாலே காரியம் கெட்டுவிடும்.

இங்கே எல்லாமே தபால் ஓட்டு. எண்ணிக்கையும் நாள் கணக்கில் இழுக்கும். ஒரு தடவை 59ஐத் தாண்டி 60ஐத் தொடாமல் நின்றது. தினமும் சாயங்காலம் கவுண்டி இணையப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், ஏதோ ப்ளஸ் டூ ரிசல்ட் மாதிரி. அந்த நேரத்தில் மாமியாருக்குக் கவுண்டியிலிருந்து கடிதம்: உங்கள் கையெழுத்து பொருந்தவில்லை, சரி செய்து அனுப்பினால்தான் ஓட்டு செல்லும்.

விஷயம் இதுதான். வாக்காளராகப் பதிவு செய்தபோது அத்தை தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஓட்டு உறையில், பேத்தி பள்ளி விஷயமாயிற்றே என்று மெனக்கெட்டு இங்கிலீஷில் போட்டுவிட்டார். "எப்படிப் போட்டாலும் நான்தானேடி?" என்று ஒரே கோபம். தமிழிலேயே போட்டுத் திருப்பி அனுப்பினோம். பாண்டு தோற்றுவிட்டது. பிள்ளைகள் இன்னும் இரண்டு வருஷம் போர்ட்டபிளில் (தற்காலிக வகுப்பறைக் கொட்டகை), ஒவ்வொரு தடவையும் மழையில் நனைந்துகொண்டே கழிவறைக்கு ஓடினார்கள்.

சான் டியேகோ

நான் 'இல்லை' போட்டவன். திட்டுவதானால் திட்டுங்கள். பக்கத்து பவேயில் என்ன நடந்தது? 2011இல் அந்த டிஸ்ட்ரிக்ட் 10.5 கோடி டாலர் கடன் வாங்கியது. இருபது வருஷத்துக்கு ஒன்றும் கட்ட வேண்டாம், ஆனால் மொத்தமாகத் திருப்ப வேண்டியது ஏறக்குறைய 100 கோடி. இன்று தொட்டிலில் இருக்கிற பிள்ளை கட்டப்போகிற கடன். அது வெளியே வந்து நாறிய பிறகுதான் 2013இல் நான்கு மடங்குக்கு மேல் திருப்பக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். வாளியை எல்லாரும் காட்டுகிறார்கள், வட்டியை யாரும் காட்டுவதில்லை.

நியூ ஜெர்சி

திட்டவில்லை. ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் தலைமையாசிரியராக இருந்தவர். இங்கே வந்திருந்தபோது எங்கள் ஊர் பாண்டு நோட்டீசை எடுத்து வரி விடாமல் படித்தார். தகுதியுள்ள செலவில் குறைந்தது 40 சதவீதத்தை மாநிலமே தரும் என்பதை எல்லாம் விட்டுவிட்டு ஒரு இடத்தில் விரலை வைத்தார்: தீ எச்சரிக்கை மணி, நீர் தெளிப்பான், கூடுதல் வெளிவாசல். "இதுக்குக்கூடவா ஓட்டு?" என்றார். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரை எரிந்து 94 குழந்தைகள் போனபோது அவர் பணியில் இருந்தார். தன் பள்ளிக் கூரையை அன்றைக்குச் சாயங்காலமே ஏறிப் பார்த்தவர். வேறொன்றும் பேசவில்லை.

கலிபோர்னியா, ஈஸ்ட் பே

சான் டியேகோ நண்பருக்கு: எலுமிச்சை மரத்துக்காரரின் ஃபைலில் அந்தப் பவே செய்தித்தாள் துண்டு இருக்கிறது. எனக்கே காட்டினார்.

என் கதையின் மிச்சம். இதற்கிடையில் குடியுரிமை வந்துவிட்டது, ஓட்டும் வந்துவிட்டது. பையன் கல்லூரிக்குப் போய்விட்டான். போன சனிக்கிழமை வாசலில் மணி அடித்தது. சின்ன வயதுத் தெலுங்குப் பெண், இடுப்பில் குழந்தை, கையில் பாண்டு நோட்டீஸ். தனக்கு ஓட்டு இல்லை என்றும், நான் போட முடியுமா என்றும் கேட்டார். உள்ளே வரச் சொல்லிக் காபி கொடுத்தேன். நோட்டீசைத் திருப்பிப் பார்த்துவிட்டு, முதல் கேள்வியாக, வட்டி எவ்வளவு என்றுதான் கேட்டேன்.