40 வாட் வால்வு ஆம்பிற்கு மாற்று ஸ்பீக்கர்: 25 வாட் ஜோடி தாங்குமா?

கேள்வி

வணக்கம். என்னிடம் உள்ளது 40 வாட் வால்வு (வெற்றிடக் குழாய்) கிட்டார் ஆம்ப். பின்புறம் திறந்த கேபினெட்டில் 12 அங்குல ஸ்பீக்கர்கள் இரண்டு உள்ளன. சில வாரங்களாக, ஆறாவது கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால், சுரத்தோடு ஒட்டிக்கொண்டு காகிதம் படபடப்பதைப் போன்ற கரகரப்பு எழுகிறது. ஒலியளவைக் குறைத்தால் அது மறைந்துவிடுகிறது. இரண்டு ஸ்பீக்கர்களையுமே மாற்றிவிடலாம் என்று எண்ணியிருக்கிறேன். நான் பெரும்பாலும் ப்ளூஸ் வாசிக்கிறேன்; டிஸ்டார்ஷன் அடர்த்தியாகவும் காதைக் குத்தாமலும் இருக்க வேண்டும். செலஸ்டியன் நிறுவனத்தின் கிரீன்பேக், விண்டேஜ் 30 ஆகிய இரண்டில் எதை எடுப்பது என்று முடிவு செய்ய முடியவில்லை. கிரீன்பேக் ஒன்றின் திறன் 25 வாட் மட்டுமே என்பதால் தயக்கம். மேலும், இப்போது எனக்கு எளிதாகக் கிடைப்பது 16 ஓம் (மின்தடை அளவு) ஜோடி. ஆம்பின் பின்புறம் உள்ள ஒரே ஸ்பீக்கர் இணைப்பிலோ ‘4 ஓம்’ என்று எழுதியிருக்கிறது. அதைப் பொருத்தலாமா?

முதல் பதில்

ஓம் கணக்கை முதலில் முடித்துவிடுவோம், ஏனெனில் அதில் தவறினால் மற்றவற்றைப் பற்றிப் பேசிப் பயனில்லை. உங்கள் ஆம்ப் 4 ஓம் சுமையை எதிர்பார்க்கிறது என்றால், உள்ளே இருப்பவை பக்க இணைப்பில் (பேரலல்) சேர்த்த இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களாகத்தான் இருக்கும். இரண்டு 16 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 8 ஓம் கிடைக்கும். தொடர் இணைப்பில் (சீரிஸ்) சேர்த்தால் 32 ஓம் ஆகிவிடும். இரண்டுமே உங்கள் ஆம்பிற்குரியவை அல்ல. டிரான்சிஸ்டர் ஆம்ப் என்றால் ஓம் கூடும்போது ஒலி சற்றுக் குறையும், அவ்வளவுதான். அங்கே ஓம் குறைவதுதான் ஆபத்து. வால்வு ஆம்பில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் நிலைமை வேறு: சுமையின் ஓம் கூடக்கூட, முழு ஒலியளவில் வாசிக்கும்போது டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுருளில் மின்னழுத்தம் எகிறும். இரண்டு மடங்கு வரையான வேறுபாட்டைப் பல ஆம்ப்கள் தாங்கிக்கொள்வது உண்மைதான்; ஆனாலும், விலை கூடிய உறுப்பான டிரான்ஸ்ஃபார்மரைப் பணயம் வைத்து அதைச் சோதித்துப் பார்க்க நான் சொல்ல மாட்டேன். 8 ஓம் ஜோடிக்காகக் காத்திருங்கள். அதேபோல், ஸ்பீக்கரைக் கழற்றிய நிலையில் ஆம்பை ஒருபோதும் இயக்கிவிடாதீர்கள். சுமையே இல்லாத வால்வு ஆம்ப் தன்னைத்தானே எரித்துக்கொள்ளக்கூடும்.

இரண்டாம் பதில்

புதிதாக வாங்குமுன், கரகரப்பு ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறதா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஆறாவது கம்பியின் அதிர்வெண் சுமார் 82 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வில் தளர்ந்த திருகு, பின்பலகை, வால்வின் மேலுள்ள உலோக உறை என எது வேண்டுமானாலும் சத்தமிடும். ஆம்பை அணைத்துவிட்டு, கூம்பின் நடுவிலுள்ள மூடியைச் சுற்றி எதிரெதிர்ப் பக்கங்களில் விரல்நுனிகளை வைத்து, மெதுவாகவும் ஒரே சீராகவும் உள்ளே அழுத்துங்கள். நல்ல ஸ்பீக்கர் ஓசையின்றி உள்ளே சென்று திரும்பும். உப்புத்தாளில் நகம் உரசுவதுபோல் ‘சர்’ என்று கேட்டால், வாய்ஸ் காயில், அதாவது கூம்போடு ஒட்டிய கம்பிச்சுருள், காந்தத்தின் இடைவெளிக்குள் உரசுகிறது என்று பொருள். மல்டிமீட்டரிலும் அளந்து பாருங்கள். ஆனால் 8 ஓம் ஸ்பீக்கர் அதில் 6 அல்லது 7 ஓம் அளவில்தான் காட்டும், அது குறையல்ல. முக்கியமாக, உரசும் காயில்கூட மீட்டரில் சரியான எண்ணையே காட்டக்கூடும் என்பதால், மீட்டரை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

மூன்றாம் பதில்

நண்பரே, 25 வாட் குறித்த உங்கள் தயக்கம் நியாயமானதே. இரண்டு கிரீன்பேக்குகளும் சேர்ந்து 50 வாட். தாளில் பார்த்தால் 40 வாட்டுக்குப் போதும். ஆனால் ஆம்பின் 40 வாட் என்பது பொதுவாக ஒலி சிதையத் தொடங்கும்வரை அளந்த அளவு. நீங்கள் விரும்பும் அடர்த்தியான டிஸ்டார்ஷன் வரும்வரை வால்வுகளை விரட்டினால், உண்மையில் வெளிவருவது அதைவிடக் கணிசமாகக் கூடுதலாக இருக்கும். வீட்டில் பாதி அளவில் வாசிப்பவருக்கு அந்த ஜோடி பல்லாண்டுகள் உழைக்கும். மேடையில் முழுதும் திருப்புபவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விண்டேஜ் 30 ஒவ்வொன்றும் 60 வாட் என்பதால் தாங்கும். ஆனால் அதன் மேல்-நடு அதிர்வெண்கள் சற்றே முன்னுக்கு வந்து நிற்கும், அதன் உணர்திறன் (ஒரே அளவு சக்திக்கு எவ்வளவு ஒலி தரும் என்பது) 100 டெசிபல், கிரீன்பேக்கிற்கு 98. பின்புறம் திறந்த கேபினெட்டில் கீழ்ச்சுரங்களின் ஒரு பகுதி முன்பின் அலைகள் மோதிக் கரைந்துவிடுவதால், அந்த முன்னெழும் தன்மை இன்னும் துலக்கமாகத் தெரியும். குத்தாத ஒலி வேண்டும் என்கிறீர்கள். அதனால் எனக்கு இது உங்களுக்கான ஸ்பீக்கராகத் தோன்றவில்லை. இரண்டிலும் ஒவ்வொன்றாகக் கலந்து பொருத்துவோரும் உண்டு, அந்தக் கலவை இனிமையாகவே ஒலிக்கும். ஆனால் ஓம் சமமாக இருந்தால் இரண்டும் பாதிப்பாதி சக்தியையே பெறும் என்பதால், மொத்த வரம்பு அப்போதும் 50 வாட்டாகவே நின்றுவிடும்.

உங்கள் தேவைக்கு நடுவழி, அதே நிறுவனத்தின் ஜி12எம்-65 கிரீம்பேக். கிரீன்பேக்கின் குணத்தைத் தழுவிய அது ஒன்றுக்கு 65 வாட் தாங்கும். உணர்திறன் 97 டெசிபல், அதாவது விண்டேஜ் 30ஐவிட 3 டெசிபல் குறைவு. அதே ஒலியளவை எட்ட இருமடங்கு வாட் வேண்டியிருக்கும். வால்வுகளை விரட்டி வாசிக்கும் உங்களுக்கு அது குறையல்ல, உதவியே.

பொருத்தும்போது ஓர் எச்சரிக்கை: முன்பு ஒருமுறை, திருகின் மேல் நான் வைத்திருந்த ஸ்க்ரூடிரைவரைக் காந்தம் சட்டென்று இழுத்துக்கொண்டது, அதன் முனை புதுக் கூம்பில் ஒரு விரல் நீளத்திற்குக் கிழித்துவிட்டது. அன்று முதல் கூம்பின் மேல் தடித்த அட்டை ஒன்றை வைக்காமல் நான் திருகைத் தொடுவதில்லை.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மிக்க நன்றி. மீட்டரில் இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணையே, 6.7 என்றும் 6.8 என்றும் காட்டின. ஆனால் அழுத்திப் பார்த்தபோது வலப்பக்க ஸ்பீக்கரில் நீங்கள் சொன்ன அதே ‘சர்’ ஓசை தெளிவாகக் கேட்டது. இடப்பக்கம் அமைதியாகவே இருந்தது. 16 ஓம் ஜோடியை விட்டுவிட்டு, 8 ஓம் கிரீம்பேக் இரண்டையும் வாங்க முடிவு செய்துள்ளேன். பழுதில்லாத பழைய ஸ்பீக்கரை எடுத்து வைத்துக்கொள்கிறேன். கம்பிகளைக் கழற்றுமுன் படம் எடுத்து வைத்திருக்கிறேன். புதியவற்றைப் பொருத்தும்போது இரண்டின் கூம்புகளும் ஒரே திசையில் நகர்கின்றனவா என்பதை 1.5 வோல்ட் பேட்டரியால் ஒரு கணம் தொட்டுப் பார்த்த பின்பே பின்பலகையை மூடுவேன்.