யுஎஸ்பி ஸ்கோப்: 48 மெகாசாம்பிளில் அலை நடுவே அறுவது ஏன்?

ஓம்விதி:
வணக்கம். என்னிடம் இருப்பது பஃபர் நினைவகம் (சாம்பிள்களைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் இடம்) இல்லாத 8 பிட் யுஎஸ்பி ஸ்கோப், அதாவது மின் அலையைக் கணினித் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப். உள்ளே யுஎஸ்பி வழி டேட்டா அனுப்பும் சைப்ரஸ் எஃப்எக்ஸ்2 சிப், பேண்ட்வித் (அளக்கக்கூடிய அதிர்வெண் எல்லை) 20 மெகாஹெர்ட்ஸ். ஒரே சேனலில் விநாடிக்கு 48 மெகாசாம்பிள் (4.8 கோடி அளவீடு) வைத்து 10 மெகாஹெர்ட்ஸ் கிளாக் பார்க்கிறேன். சதுர அலைக்குப் பதில் சைன் போல ஒன்று, உயரம் ஏறி இறங்கித் தெரிகிறது. பைதானில் லிப்யுஎஸ்பி (யுஎஸ்பி சாதனத்தோடு பேசும் நிரல் நூலகம்) மூலம் நீளமாகப் பதிவு செய்தால் நடுநடுவே ஃபேஸ் குதிக்கிறது, அலை அறுந்து வேறு கட்டத்திலிருந்து தொடர்கிறது. யுஎஸ்பி 2.0 என்றால் 480 மெகாபிட், அதாவது 60 மெகாபைட். சாம்பிளுக்கு ஒரு பைட் என்றால் 48 மெகாபைட், அது அதற்குள் அடங்க வேண்டாமா?

மின்துடிப்பு:
60 என்பது கம்பியில் ஓடும் மொத்த பிட் கணக்கு. டோக்கன், ஒப்புதல், பிட் ஸ்டஃபிங் என டேட்டா அல்லாத நிர்வாகப் பிட்கள் எல்லாம் அதிலேயே போகும். யுஎஸ்பி 2.0 நேரத்தை 125 மைக்ரோவிநாடி மைக்ரோஃப்ரேம்களாக வெட்டுகிறது. ஒரு மைக்ரோஃப்ரேமில் 512 பைட் பல்க் (மொத்தமாக டேட்டா அனுப்பும் முறை) பாக்கெட் அதிகபட்சம் 13 தான். 13 × 512 × 8000 = 53 மெகாபைட். அதுவும் தாளில்தான், கணினியின் கண்ட்ரோலர் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே எடுக்கும். உங்கள் 48 மெகாபைட்டுக்கு மைக்ரோஃப்ரேமுக்குக் கிட்டத்தட்ட 12 பாக்கெட் வேண்டும். மூச்சு விடக்கூட இடமில்லை.

தாமதத்தைத் தாங்கச் சிப்பில் இடமும் இல்லை. பல்க் முறையில் 512 பைட் அறைகள் நான்கு, ஆக 2 கேபி. 48 மெகாபைட் வேகத்தில் அது 43 மைக்ரோவிநாடியில் நிரம்பிவிடும். ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக்கும் பகுதி) யாருக்காகவும் காத்திருக்காது, நிரம்பிய பிறகு வரும் சாம்பிள் தொலைந்ததுதான். தொலைந்த இடத்தில் எந்த அடையாளமும் இருக்காது. முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டு வந்து சேரும். நீங்கள் பார்க்கும் ஃபேஸ் குதிப்பு அதுதான்.

24 மெகாசாம்பிளுக்கு இறங்குங்கள், ஆறு பாக்கெட் போதும். இரண்டு சேனல் என்றால் ஒவ்வொன்றும் 12. அடுத்தது உங்கள் நிரல். ஒரு ரீட் முடிந்த பிறகு அடுத்த ரீட் கேட்கும் சின்க்ரனஸ் முறை இங்கே உதவாது, இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்திலேயே 2 கேபி வழிந்துவிடும். அசின்க்ரனஸ் முறையில், அதாவது முந்தையது முடியக் காத்திராமல், 64 கேபி கோரிக்கைகள் 16-ஐ எப்போதும் வரிசையில் நிறுத்துங்கள். 24 மெகாபைட்டில் அது சுமார் 43 மில்லிவிநாடி அவகாசம் தரும். கோரிக்கையின் அளவு 512-இன் மடங்காக இருக்கட்டும், இல்லாவிட்டால் ஓவர்ஃப்ளோ பிழை வரும். கால்பேக்கில் (கோரிக்கை முடிந்ததும் தானே ஓடும் நிரல்பகுதி) டேட்டாவை ரிங் பஃபரில் (சுழற்சியாக நிரப்பும் நினைவிடம்) போட்டு, அதே கோரிக்கையை உடனே திருப்பி அனுப்புங்கள். படம் வரைவதும் எஃப்எஃப்டியும் (அதிர்வெண் பகுப்பாய்வு) வேறு த்ரெட்டின் (இணையாக ஓடும் நிரல் இழை) வேலை. ஹப் வேண்டாம், நேரடிப் போர்ட். யுஎஸ்பி 3 போர்ட்டில் செருகினாலும் இந்தச் சிப் 480 மெகாபிட்டில்தான் பேசும்.

சோதிக்க: ஸ்கோப்பின் 1 கிலோஹெர்ட்ஸ் காலிபரேஷன் அலையைப் பதிவு செய்து, ஏறும் விளிம்புகளுக்கு இடையே சாம்பிள்களை எண்ணுங்கள். 24 மெகாசாம்பிளில் ஏறத்தாழ 24,000 வர வேண்டும். கொஞ்சம் முன்பின் ஆகலாம். ஏதோ ஒரு சுற்றில் மட்டும் நூற்றுக்கணக்கில் குறைந்தால் அங்கேதான் ஓட்டை.

அலைக்கூடம்:
ஃபேஸ் விஷயம் மேலே முடிந்துவிட்டது. சைன் விஷயம் தனி. 10 மெகாஹெர்ட்ஸ் சதுர அலையின் அடுத்த ஹார்மோனிக் (அதில் அடங்கிய மடங்கு அதிர்வெண்) 30 மெகாஹெர்ட்ஸ். ஸ்கோப்பின் 20 மெகாஹெர்ட்ஸ் அனலாக் முன்பகுதி அதைக் குறைக்கும், முழுவதும் அழிக்காது. அது சாம்பிள் வேகத்தின் பாதியைத் தாண்டியது என்பதால், மிச்சம் 48 − 30 = 18 மெகாஹெர்ட்ஸாக மடங்கி உள்ளே வரும். சுற்றுக்கு 4.8 சாம்பிள்தான் என்பதால், புள்ளிகளை நேர்க்கோட்டால் இணைத்தால் உயரம் ஏறி இறங்குவது போலவும் தெரியும். புள்ளிகளுக்கிடையே வளைகோட்டைக் கணக்கிட்டு நிரப்பும் சின்க் இடைக்கணிப்பைப் போட்டால் அந்த ஏற்ற இறக்கத்தின் பெரும்பகுதி போய்விடும். விளிம்பு மட்டும் கூர்மையாகாது: ஏற்ற நேரம் 0.35 ÷ பேண்ட்வித், அதாவது 0.35 ÷ 20 மெகாஹெர்ட்ஸ் = 17.5 நானோவிநாடி, அதைவிட வேகமான ஏற்றத்தை இந்த ஸ்கோப் காட்டாது. ப்ரோப் x10-இல் (சிக்னலைப் பத்தில் ஒன்றாக்கும் நிலை) இருக்கிறதா என்றும் பாருங்கள். x1-இல் பல ப்ரோப்கள் 6 மெகாஹெர்ட்ஸ் அளவிலேயே விழுந்துவிடும்.

முக்கியமான எச்சரிக்கை: சாம்பிள் வேகத்தைக் குறைத்தால் அனலாக் வடிகட்டி கூடவே இறங்காது. 1 மெகாசாம்பிளில் 990 கிலோஹெர்ட்ஸ் இரைச்சல் 10 கிலோஹெர்ட்ஸாக அழகாக நிற்கும். சந்தேகம் வந்தால் வேகத்தை மாற்றுங்கள். திரையில் ஃப்ரீக்வென்சியும் மாறினால் அது பொய் அலை.

ஓம்விதி:
நன்றி. பஃபர் உள்ள ஸ்கோப் வாங்கினால் இது தீருமா?

மின்துடிப்பு:
குறுகிய நிகழ்வுக்குத் தீரும். பிளாக் முறையில் ஏடிசி ஸ்கோப்பின் நினைவகத்தில் எழுதும், ட்ரிகரும் (பதிவைத் தொடங்கும் நிபந்தனை) வன்பொருளிலேயே. பிறகு யுஎஸ்பி மெதுவாக எடுத்துக்கொள்ளும். நினைவகம் எவ்வளவு என்பதே கேள்வி. பிக்கோஸ்கோப் 2204ஏ-இல் 100 மெகாசாம்பிள், ஆனால் 8 கிலோசாம்பிள் நினைவகம். முழு வேகத்தில் 80 மைக்ரோவிநாடி மட்டுமே பிடிக்கும். அடுத்த பிளாக் தொடங்கும்வரை ஸ்கோப்புக்குக் கண் தெரியாது. அரிதாக வரும் கிளிட்ச்சை (கணநேரப் பிழைத்துடிப்பு) ட்ரிகர் வைத்துத்தான் பிடிக்க முடியும், திரையைப் பார்த்துக்கொண்டிருந்து அல்ல.

மாறாக 9600 பாட் (விநாடிக்கு 9600 பிட்) சீரியல் நூறு பைட் என்றால் 104 மில்லிவிநாடி. பிட்டுக்குப் பத்து சாம்பிள் போட்டாலும் 96 கிலோசாம்பிள் வேகம், மொத்தம் 10,000 சாம்பிள். இப்போது கையில் இருப்பதே தாராளம்.

அலைக்கூடம்:
ஒன்று மறக்க வேண்டாம். ப்ரோப்பின் கிரவுண்ட் கிளிப், யுஎஸ்பி கேபிள், கணினியின் எர்த் எல்லாம் ஒரே கம்பி. மெயின்ஸோடு நேராக இணைந்த எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச்சிங் பவர் சப்ளை) முதன்மைப் பக்கத்தில் அந்தக் கிளிப்பை மாட்டவே கூடாது. அங்கே அளக்க டிஃபரன்ஷியல் ப்ரோப் (இரு புள்ளிகளுக்கு இடையிலான வேறுபாட்டை அளப்பது) வேண்டும்.