192.168.1.5 யார் வீட்டு நம்பர்?

குழு: திருநகர் நம்ம தெரு

சந்தானம் ஐயா, மாலை 6:48
எல்லோருக்கும் ஒரு விஷயம். மத்தியானம் வீடியோ காலில் ஒருவன் காக்கிச் சட்டையில் வந்தான். என் இணைப்பிலிருந்து தப்பான படங்கள் போயிருக்கின்றன, ஐபி முகவரியோடு (இணையத்தில் கருவிக்கான எண்ணாம்) பிடித்துவிட்டோம், இரண்டு மணி நேரத்தில் கைது என்றான். "192.168 என்று தொடங்கும், உங்கள் போனிலேயே பாருங்கள்" என்றான். பார்த்தால் 192.168.1.5 என்றே இருக்கிறது. எனக்குக் கை கால் ஓடவில்லை.

செல்வி அக்கா, 6:50
ஐயா, பணம் எதுவும் அனுப்பிவிடவில்லையே?

சந்தானம் ஐயா, 6:51
இல்லையம்மா. பேங்க் போக வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டேன். திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறான், எடுக்கவில்லை. ஆனால் நம்பர் எப்படிச் சரியாகச் சொன்னான்? அதுதான் உறுத்துகிறது.

நித்யா, 6:55
ஐயா, தயவுசெய்து இனியும் எடுக்காதீர்கள். அந்த நம்பரை முதலில் பிளாக் செய்யுங்கள். நான் இலந்தைக்குளத்தில் ஆபீஸிலிருந்து இப்போதுதான் கிளம்புகிறேன். அதற்குள் எல்லோரும் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டு வைஃபையில் இருப்பவர்கள் போன் செட்டிங்கில் வைஃபை பெயரைத் தொட்டு, அங்கே ஐபி முகவரி என்று இருப்பதை இங்கே போடுங்கள். பயப்பட வேண்டாம், இந்த எண்ணைப் போடுவதில் ஆபத்து இல்லை.

செல்வி அக்கா, 6:58
192.168.1.3

மீனா மதினி, 6:59
192.168.29.41

பாண்டி அண்ணன் (ஜெராக்ஸ் கடை), 7:01
192.168.1.5. ஐயா, உங்கள் நம்பர்தான் எனக்கும்!

சந்தானம் ஐயா, 7:02
அது எப்படி? உங்கள் இணைப்பு வேறு, என் இணைப்பு வேறு.

நித்யா, 7:46
வீட்டுக்கு வந்துவிட்டேன். ஐயா, அவன் உங்களைப் பற்றி எதையும் கண்டுபிடிக்கவில்லை. 192.168 என்று தொடங்குவதெல்லாம் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி. ரவுட்டர், அதாவது வீட்டில் வைஃபை தரும் பெட்டி, போனுக்கு ஒன்று, டிவிக்கு ஒன்று, லேப்டாப்புக்கு ஒன்று என்று கொடுக்கிறது. 10 என்று தொடங்குவதும், 172.16 முதல் 172.31 வரை உள்ளதும் இதே வகைதான். உலகத்தில் யார் வேண்டுமானாலும் தன் வீட்டுக்குள் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று 1996லேயே ஒதுக்கி வைத்துவிட்டார்கள். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டிலும் 5வது பிளாட்பாரம் இருக்கலாம், ஆரப்பாளையத்திலும் இருக்கலாம். எந்த பஸ் ஸ்டாண்டு என்று சொல்லாமல் 5வது பிளாட்பாரம் என்று மட்டும் சொன்னால் ஒருவரையும் கண்டுபிடிக்க முடியாது.

சந்தானம் ஐயா, 7:49
இப்போதுதான் மூச்சு வருகிறது. அப்படியானால் வெளியே தெரியும் முகவரி எது?

நித்யா, 7:56
அது ரவுட்டருக்கு வெளியே இருக்கிறது. இணைய நிறுவனம் தருவது. வீட்டில் ஐந்து போன் இருந்தாலும் இணையதளங்களுக்கு அந்த ஒரே முகவரிதான் தெரியும். அதிலும் இன்னொரு சங்கதி. 1981ல் வகுத்த பழைய முறையில் மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகள்தான். உலகப் பொது இருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துவிட்டது. அதனால் பல நிறுவனங்கள் ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. உங்களுடையதும் பாண்டி அண்ணன் வீட்டுடையதும் இந்த நிமிஷம் ஒன்றாகவே இருக்கலாம். நிஜப் போலீஸ் விசாரித்தாலும் ஐபி மட்டும் போதாது. எந்த நேரம், எந்த போர்ட் எண் (ஒரே ஐபிக்குள் இணைப்புகளைப் பிரித்துக் காட்டும் எண்) என்றெல்லாம் சேர்த்து நிறுவனத்திடம் முறைப்படி கேட்டால்தான் எந்த இணைப்பு என்று தெரியும்.

செல்வி அக்கா, 7:58
என் மகன் மொபைல் டேட்டாவில் பார்த்தால் எண்ணும் எழுத்துமாக ஒரு நீளம் வருகிறதே, நடுநடுவே முக்காற்புள்ளி மாதிரி?

நித்யா, 8:01
அது புதிய முறை அக்கா, ஐபி பதிப்பு 6. முகவரியின் நீளம் பழையதில் 32 பிட் (0, 1 என்ற இலக்கங்கள்), இதில் 128 பிட். பற்றாக்குறையே இல்லை, ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி கிடைக்கும். அதனாலேயே ஆளைத் தொடர்வது சுலபமாகிவிடக் கூடாது என்று, போன்கள் பின்பாதி எண்ணை அவ்வப்போது மாற்றிக்கொள்கின்றன.

மீனா மதினி, 8:04
நித்யா, இதையும் கேட்டுவிடுகிறேன். என் பையனை விளையாட்டில் ஒருவன் "உன் ஐபியை எடுத்துவிட்டேன், வீட்டுக்கு வருவேன்" என்று மிரட்டியிருக்கிறான். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை பிள்ளை.

நித்யா, 8:12
மதினி, உங்கள் பையனிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள். ஐபியை வைத்து வெளியாள் பார்த்தால் ஊர் அளவுக்குத்தான் காட்டும், அதுவும் பல சமயம் தப்பாக. எங்கள் வீட்டு ஐபியைத் தேடினால் சென்னை என்று வருகிறது. தெரு, கதவு எண், பெயர் இவையெல்லாம் இணைய நிறுவனத்திடம் மட்டும்தான் இருக்கும். மிரட்டியவனால் அதிகபட்சம் செய்யக்கூடியது, தேவையில்லாத தரவைக் கொட்டி உங்கள் இணைப்பை நெரிசலாக்குவது. அப்படி நடந்தால் ரவுட்டரைக் கொஞ்ச நேரம் அணைத்துப் போடுங்கள், நம் வீட்டு இணைப்புகளில் பெரும்பாலும் வேறு முகவரி வந்துவிடும். மிரட்டல் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு ஆளை பிளாக் செய்யுங்கள். எனக்கு நிஜமாகவே கவலை வேறு இடத்தில். பிள்ளை விளையாட்டில் பள்ளிக்கூடப் பெயரையோ, சீருடையோடு இருக்கும் படத்தையோ போட்டிருக்கிறானா பாருங்கள். வீட்டைக் கண்டுபிடிக்க ஐபியே வேண்டாம், அது போதும்.

மீனா மதினி, 8:16
சீருடைப் படம்தான் முகப்பில் இருக்கிறது. இப்போதே எடுக்கச் சொல்கிறேன்.

கணேஷ், 8:18
அக்கா, இலவச விபிஎன் போட்டுக்கொண்டால் எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிடும் அல்லவா? காலேஜில் எல்லோரும் அதுதான் போடுகிறார்கள்.

நித்யா, 8:24
தீராது தம்பி. விபிஎன் என்பது நம் இணைப்பை இன்னொரு நிறுவனம் வழியாகச் சுற்றி அனுப்புவது. இணையதளத்துக்கு உன் முகவரி தெரியாது, ஆனால் நீ போகும் தளமெல்லாம் அந்த விபிஎன் நிறுவனத்துக்குத் தெரியும். காசே வாங்காமல் ஒருவன் ஏன் இந்தச் செலவைச் செய்கிறான் என்று யோசி. பணம் கட்டி வாங்குவதாக இருந்தாலும், வாடிக்கையாளர் பெயர், முகவரி, கொடுத்த ஐபி எல்லாவற்றையும் 5 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று 2022ல் நம் நாட்டில் உத்தரவு போட்டிருக்கிறார்கள். பிரவுசரில் இன்காக்னிட்டோ என்ற ரகசிய ஜன்னலும் ஐபியை மறைக்காது, உன் போனில் வரலாறு தங்காது, அவ்வளவுதான். கூகுளில் லாகின் செய்துவிட்டு, இருப்பிட அனுமதியையும் கொடுத்துவிட்டு ஐபியை மட்டும் மறைப்பதில் ஒரு பலனும் இல்லை. முதலில் அந்த அனுமதிகளைப் பார்த்துக் குறை.

பாண்டி அண்ணன், 8:27
பாப்பா, கடைக்கு மாதம் கூடக் கட்டி ஸ்டாட்டிக் ஐபி (மாறாத ஐபி) வாங்கியிருக்கிறேன். கேமராவை ஊரில் இருந்து பார்க்க அது வேண்டும் என்று டிவிஆர் (கேமரா பதிவுப் பெட்டி) மாட்டியவர் சொன்னார். அதில் ஏதும் இருக்கிறதா?

நித்யா, 8:29
அண்ணே, டிவிஆருக்குப் பாஸ்வேர்டு மாற்றினீர்களா?

பாண்டி அண்ணன், 8:30
அவர் வைத்துக் கொடுத்ததுதான். 1 முதல் 6 வரை.

நித்யா, 8:38
இன்று இரவே மாற்றிவிடுங்கள். இந்தக் குழுவில் இன்று பேசியதிலேயே அவசரமானது இதுதான். வீட்டு ஐபி மாறிக்கொண்டே இருக்கும், பல வீட்டோடு கலந்தும் இருக்கும். உங்களுடையது மாறாது, நேராக வெளியே தெரியும். இப்படித் திறந்து கிடக்கும் கேமராவையும் டிவிஆரையும் பட்டியல் போட்டுக் காட்ட ஷோடான் என்று ஒரு தேடல் தளமே 2009 முதல் இருக்கிறது. எவனும் உங்களைக் குறிவைக்க வேண்டியதில்லை, வரிசையாக எண்களைத் தட்டிப் பார்க்கும் நிரல்களே போதும். ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் ஆதாரை மேஜையில் வைப்பதுகூட உங்கள் கேமராவில் விழும். மாட்டியவர் ரவுட்டரில் ஒரு போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வழியை, திறந்து விட்டிருப்பார், அதையும் மூட வேண்டும்.

பாண்டி அண்ணன், 8:41
ஐயோ, கல்லாவுக்கு மேலேயே ஒரு கேமரா இருக்கிறது. இப்போதே கடைக்குப் போகிறேன்.

நித்யா, 8:47
மற்றவர்களுக்கு: வாட்ஸ்அப்பில் இருவர் மட்டும் பேசும் காலில் சில சமயம் இரண்டு போனும் நேராக இணையும், அப்போது எதிராளிக்கு நம் ஐபி தெரிய வாய்ப்புண்டு. செட்டிங்கில் தனியுரிமை, அதற்குள் கடைசியில் மேம்பட்டவை என்று போனால், அழைப்பில் ஐபியை மறைக்கும் வசதி இருக்கிறது. போட்டுவிடுங்கள். ஒலித் தரம் கொஞ்சம் குறையலாம், பரவாயில்லை. ரவுட்டர் அட்மின் பாஸ்வேர்டை (ரவுட்டரின் செட்டிங்கைத் திறக்கும் பாஸ்வேர்டு) மாற்றாதவர்களும் மாற்றுங்கள். அப்புறம் சந்தானம் ஐயா, இப்படி வீடியோ காலில் மிரட்டும் டிஜிட்டல் கைது என்று சட்டத்தில் ஒன்றுமே இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொன்னார். பணம் போகவில்லை என்பதால் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற புகார் பகுதியில் அந்த எண்ணைப் புகார் செய்யலாம். பணம் போயிருந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930.

சந்தானம் ஐயா, 8:52
நாளைக் காலையில் புகார் போட்டுவிடுகிறேன் அம்மா. பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கும் இரண்டு பேருக்கும் நேரில் போய்ச் சொல்கிறேன், அவர்கள் இதையெல்லாம் படிக்க மாட்டார்கள்.

செல்வி அக்கா, 8:55
ரவுட்டருக்குப் பின்னால் இதுதான் ஒட்டியிருக்கிறது, எந்தப் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் நித்யா?
(ஸ்டிக்கர் படம்) இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நித்யா, 8:56
அக்கா, நல்ல வேளை உடனே எடுத்துவிட்டீர்கள். அந்த ஸ்டிக்கரில் வைஃபை பாஸ்வேர்டும் அட்மின் பாஸ்வேர்டும் சேர்ந்தே இருக்கும், குழுவில் போடவே கூடாது. ஐந்து நிமிஷத்தில் நான் நேரில் வருகிறேன்.

பாண்டி அண்ணன், 9:20
டிவிஆர் பாஸ்வேர்டு மாற்றியாச்சு. போர்ட் எங்கே மூடுவது என்று தெரியவில்லை பாப்பா, ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வர முடியுமா?

நித்யா, 9:22
ஞாயிறு வரை விட வேண்டாம் அண்ணே. கேமராவை வெளியிலிருந்து பார்க்க முடியாமல் போனாலும் சரி, இன்று டிவிஆரில் இருந்து ரவுட்டருக்குப் போகும் நெட் கேபிளை மட்டும் பிடுங்கி வையுங்கள். பதிவு நிற்காது. நாளை சாயங்காலம் வந்து பார்க்கிறேன்.