அப்பாவின் காலும் சுபாவின் பார்சலும்

குழு: மாங்குளம் பெரிய வீடு

செவ்வாய்க்கிழமை

கஜன், மாலை 6.48
அப்பாவுக்கு இரண்டு காலும் வீங்கியிருக்கிறது. பின்னேரம் பக்கத்து வீட்டு மெசினில் பார்த்ததில் பிரசர் 172/98. வியாழன் கிளினிக் நாள். எனக்கு வவுனியாவில் லீவு கிடைக்காது, துஷிக்கு வங்கியில் மாதமுடிவு. யார் கூட்டிக்கொண்டு போவது?

துஷி, 6.50
கணுக்காலில் விரலை வைத்து அமத்தினால் குழி அப்படியே நிற்கிறது. செருப்பு வாரின் தடமும் போகவில்லை.

ரவிச் சித்தப்பா
சின்னண்ணை கருவாடு வெட்டியிருப்பார்

அம்மா
கருவாடு இந்த வீட்டுக்குள் வந்து ஒரு மாதம் ரவி. எல்லாம் சுபா சொன்னபடிதான் சமையல்.

ரவிச் சித்தப்பா
ஐயோ பாவம்

மல்லாவிப் பெரியப்பா, 7.09
அன்பின் குடும்பத்தாருக்கு. தம்பியின் வீக்கம் பற்றி வாசித்தேன். பதற வேண்டாம். வாதம், பித்தம், கபம் மூன்றும் தம் அளவில் நின்றால் சுகம். கூடினாலும் குறைந்தாலும் நோய். ஆயுர்வேதத்தில் தினசரியை, அதாவது நாள் ஒழுக்கம், என்று ஒன்று உண்டு. வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயத்தில் இரண்டாவது அத்தியாயமே அதுதான். விடியுமுன் எழுவது, பல் துலக்குவது, எண்ணெய் தேய்ப்பது, உடற்பயிற்சி, பிறகு குளிப்பு. எண்ணெயைத் தலையிலும் காதிலும் காலிலும் விசேடமாகத் தேய்க்கச் சொல்கிறார். ஆனால் கபம் கூடியவனுக்கும் சமிபாடு கெட்டவனுக்கும் எண்ணெய் வேண்டாம் என்று அதே இடத்தில் எழுதியிருக்கிறார். உடற்பயிற்சியும் உள்ள பலத்தில் பாதிதான். ஆளைப் பார்க்காமல், ஊரைப் பார்க்காமல், வெளிநாட்டிலிருந்து ஒரு பட்டியலை அனுப்பினால் இப்படித்தான் முடியும். இதையே நம் முன்னோர் நாளுக்கு இரண்டு, வாரத்துக்கு இரண்டு, மாதத்துக்கு இரண்டு, வருடத்துக்கு இரண்டு என்று சுருக்கிச் சொன்னார்கள். நாளுக்கு இரண்டு என்பது மலங்கழித்தல். வாரத்துக்கு இரண்டு எண்ணெய் முழுக்கு. மாதத்துக்கு இரண்டு என்பது

ரவிச் சித்தப்பா
பெரியண்ணை!! பிள்ளைகள் இருக்கிற குழு

மல்லாவிப் பெரியப்பா
கைபட்டுப் போய்விட்டது. வருடத்துக்கு இரண்டு பேதி மருந்து.

நிலா
மாதத்துக்கு இரண்டை விட்டுவிட்டீர்கள் 😂

ரவிச் சித்தப்பா
நிலா நீ படிக்கிற வேலையைப் பார்

சுபா அக்கா, 7.16
இங்கே காலை, வேலைக்குப் போகிற பஸ்ஸில் நிற்கிறேன். அப்பாவுக்கு என்ன? பட்டியல்படி செய்கிறாரா?

துஷி
எந்தப் பட்டியல் மச்சாள்? ஐந்து அனுப்பியிருக்கிறீர்கள்.

சுபா அக்கா
கடைசி. 4.30 எழும்புவது. செப்புப் போத்தல் தண்ணி. நாக்கு வழிப்பது. நல்லெண்ணெய் வாயில் 15 நிமிடம். உடம்புக்கு எண்ணெய். யோகா. 7.30 சூடான கஞ்சி. பெரிய சாப்பாடு மதியம் 12. இரவுச் சாப்பாடு 6.30க்குள். எல்லாம் அந்தந்த நேரம் சமைத்தது, பிரிட்ஜில் வைத்தது கூடாது. 9.30 படுக்கை. இது வாதம் கூடுகிற காலம், அதனால் எண்ணெய் தேய்த்து இளவெயிலில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

ரவிச் சித்தப்பா
எந்த வெயில்? ஒட்டுசுட்டானில் மூன்று நாளாக மழை. கோழிக்கூட்டுக்குள் தண்ணி.

துஷி, 7.24
4.30க்கு நான் எப்படியும் எழும்புவேன் மச்சாள். 6.40 பஸ்ஸை விட்டால் கிளிநொச்சிக்கு நேரத்துக்குப் போக முடியாது. அதற்குள் மூன்று பேருக்கு மதியச் சாப்பாடு கட்ட வேண்டும், சின்னவனுக்குச் சப்பாத்துப் போட வேண்டும். எண்ணெயை வாயில் வைத்துக்கொண்டு நானும் ஒரு நாள் பார்த்தேன். அவன் தண்ணிப் போத்தல் எங்கே என்று கேட்க, நான் ம்ம் ம்ம் என்று கையைக் காட்ட, பயந்து அழத் தொடங்கிவிட்டான். மதியம் 12க்குப் பெரிய சாப்பாடு என்கிறீர்கள். பென்சன் நாளில் நான் சோற்றுப் பெட்டியைத் திறக்கும்போது 2.15. பின்னேரம் 5.50க்கு வாசலில் இறங்குகிறேன், 6.30க்குள் புதிதாக இரவுச் சாப்பாடு. அதையும் மூன்று கிழமை செய்தேன். பிரிட்ஜ் கூடாது என்றால் ஒன்று நான் வேலையை விட வேண்டும், அல்லது நீங்கள் வந்து நிற்க வேண்டும்.

ரவிச் சித்தப்பா
👏👏

கஜன்
துஷி

துஷி
என்ன

சுபா அக்கா
நான் உன்னைச் சொல்லவில்லை. அப்பாவுக்காகத்தான் சொன்னேன். கோபப்படாதே.

அம்மா
அவள் கோபப்படவில்லை பிள்ளை. நேற்று இரவு பத்து மணிக்கு நின்று கஞ்சிக்குப் பயறு வறுத்தவள். எனக்குத்தான் கண் தெரியாது, கருக்கிவிடுவேன்.

நிலா, 7.31
பெரியம்மா, பெரியப்பா வேறு என்ன குடிக்கிறார்? மூலிகை ஏதாவது?

அம்மா
பார்சலில் வந்த தூள். தொண்டை கரகரப்புக்கு. காலையில் ஒரு கப், படுக்கும்போது ஒரு கப். நல்ல இனிப்பு, அதனால் அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. சீனி வேண்டாம் என்று சொல்லிவிட்டு இதைத்தான் தேத்தண்ணிக்குள்ளும் போடுகிறார்.

நிலா
இனிப்பா? போத்தலில் என்ன எழுதியிருக்கிறது?

துஷி
அதிமதுரம்.

நிலா
எத்தனை நாளாக?

அம்மா
ஐந்து கிழமை இருக்கும்

நிலா, 7.36
இன்றைக்கே நிறுத்துங்கள். அதிமதுரம் நல்ல மருந்துதான், ஆனால் பிரசர் உள்ளவர் நாள்தோறும் குடிக்கிற சாமான் இல்லை. உடம்பு உப்பையும் தண்ணியையும் பிடித்து வைத்துக்கொள்ளும், பொட்டாசியம் வெளியே போகும். அதில்தான் கால் வீங்கும், பிரசரும் ஏறும். அவர் சலம் போக வைக்கிற தண்ணிக் குளிசையும் எடுக்கிறார் என்றால் பொட்டாசியம் இன்னும் குறையும். நிறுத்தினாலும் அடுத்த நாளே இறங்காது, ஒன்றிரண்டு கிழமை செல்லலாம். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு நொந்தாலோ தலை சுற்றினாலோ வியாழன் வரை பார்க்க வேண்டாம், இரவென்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

சுபா அக்கா
அது இயற்கையான பொருள் நிலா

நிலா
கோயிலடி அலரியும் இயற்கைதான் அக்கா

ரவிச் சித்தப்பா
நீ கைதடியில் படிப்பது சித்த மருத்துவம். இது ஆயுர்வேதம். உன் சொல் செல்லுமா?

நிலா
அப்பா, 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டத்திலேயே சித்தம், யுனானி எல்லாம் அதற்குள்தான் வருகிறது. வேர் எந்தப் போர்டையும் வாசிப்பதில்லை.

மல்லாவிப் பெரியப்பா, 7.44
நிலா சொல்வது சரி. தொண்டைக்கு ஆடாதோடை இருக்க அதிமதுரத்தைக் கனடாவிலிருந்து வரவழைப்பானேன்? மாங்குளத்து வேலி முழுக்க ஆடாதோடை நின்றது.

அம்மா
மதில் கட்டும்போது வெட்டியாயிற்று.

மல்லாவிப் பெரியப்பா
தெரியும். அந்த மதிலில் ஒன்றரை அடி என் பக்கம் என்பதும் தெரியும்.

ரவிச் சித்தப்பா
தொடங்கிவிட்டது

கஜன்
பெரியப்பா, வியாழன் யார் போவது என்று முதலில் முடிவெடுப்போமா?

மல்லாவிப் பெரியப்பா
நான் நில அளவை பற்றி இங்கே பேச வரவில்லை. சொன்னேன், அவ்வளவுதான்.

அப்பா, 7.52
🎤 குரல் பதிவு 0:41

கஜன்
பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன், கேட்கவில்லை. யாராவது எழுதுங்கள்.

துஷி
மாமா சொல்கிறார்: தனக்கு ஒன்றும் இல்லை. மழைக்குக் கால் ஊதியிருக்கிறது. காலையில் செப்புப் போத்தலில் தேசிக்காய்ப் புளியும் தேனும் வெந்நீரும் விட்டுக் குடிப்பதால் வயிறு லேசாக இருக்கிறது. மதில் ஒன்றரை அடி இல்லை, அரை அடி.

நிலா
செப்புப் போத்தலுக்குள் தேசிக்காயா!! புளிப்பு செம்பைக் கரைக்கும். வயிறு லேசாக இருப்பது அதனால்தானோ தெரியாது. பச்சைத் தண்ணி மட்டும் வைக்கலாம்.

மல்லாவிப் பெரியப்பா
தேனைச் சூடாக்கக் கூடாது என்று சரகர் சொல்லியிருக்கிறார். வெந்நீரில் தேன் விடுவது எந்த ஆயுர்வேதம்?

சுபா அக்கா
வகுப்பில் அப்படித்தான் சொன்னார்கள்

ரவிச் சித்தப்பா
எங்கள் அம்மா பக்கத்தில் இருக்கிறா. செப்புப் போத்தல் என்ன பாரம் என்று கேட்கிறா.

சுபா அக்கா
அப்பம்மாவுக்கும் ஒன்று அனுப்பவா?

ரவிச் சித்தப்பா
வேண்டாமாம். தன்னுடைய செப்புக்குடம் இரண்டு கை கொண்டு தூக்குகிற பாரமாம். 2009இல் வழியில் விட்டுவிட்டு வந்ததாம். அதை யாராவது கண்டால் சொல்லட்டாம்.

அம்மா
அந்தக் குடத்துத் தண்ணியின் ருசி 🙏

துஷி, 8.20
குளிசைப் பையை இப்போதுதான் பார்த்தேன். காலையில் ஒன்று என்று எழுதி 30 தந்திருக்கிறார்கள். தந்து இன்றைக்கு 21 நாள். 22 மிச்சம் இருக்கிறது.

கஜன்
அப்பா???

நிலா
அப்போ எட்டுத்தான் போட்டிருக்கிறார். இதுவும் சேர்ந்துதான்.

சுபா அக்கா
நான் குளிசையை நிறுத்தச் சொல்லவே இல்லை!

அப்பா
🎤 குரல் பதிவு 0:09

துஷி
"சுபா அனுப்பிய வீடியோவில் அந்த ஆள் சொன்னவர், இயற்கைக்கு மாறினால் மெல்ல மெல்லக் குறைக்கலாம் என்று. நான் மெல்லத்தான் குறைத்தேன்."

சுபா அக்கா
அப்பா அந்த வீடியோ தூக்கத்துக்கு அனுப்பியது. நான் முழுக்கப் பார்க்கவில்லை.

ரவிச் சித்தப்பா
அப்படியே இதையும் கேட்கிறேன், யாரிடமாவது 12 அடி ஏணி இருக்கிறதா? கூரையில் இரண்டு ஓடு விலகிவிட்டது.

மல்லாவிப் பெரியப்பா
என்னிடம் உண்டு. போன வருடம் வாங்கிப் போன கத்தியைத் தந்துவிட்டு வாங்கு.

புதன்கிழமை

அம்மா, காலை 5.55
இரவு நல்ல நித்திரை. மூச்சு வாங்கவில்லை. காலையில் குளிசையை என் கண் முன்னால் போட்டவர். அதிமதுரத்துக்குப் பதில் மல்லித் தண்ணி. முகம் கோணிக்கொண்டு குடித்தார்.

நிலா
வல்லாரைச் சம்பல், முருங்கையிலைக் கறி போதும் பெரியம்மா. உப்பு மட்டும் பாதி. மருந்து என்று ஒன்றும் வேண்டாம். கிளினிக்கில் அதிமதுரம் குடித்ததைக் கட்டாயம் சொல்ல வேண்டும், போத்தலையும் கொண்டுபோங்கள். பொட்டாசியத்துக்கு இரத்தம் பார்க்கச் சொல்வார்கள்.

துஷி, 6.43
பஸ்ஸில் இருக்கிறேன். இனி இப்படித்தான். இரவுச் சாப்பாடு 7.30. காலையில் வைத்த பருப்பும் கீரையும் இரவுக்கும் வரும், பிரிட்ஜில்தான் இருக்கும், சூடாக்கித் தருவேன். சனிக்கிழமை மழை விட்டால் எல்லோரும் அரப்பு வைத்துத் தோயலாம், அதற்கு எனக்கும் ஆசைதான். கஞ்சிக்குப் பயறு மாமா வறுக்கட்டும். அவருக்கு நேரம் இருக்கிறது, கண்ணும் தெரியும்.

ரவிச் சித்தப்பா
சின்னண்ணை குசினிக்குள்!! படம் எடுத்துப் போடுங்கள்

சுபா அக்கா, 6.58
துஷி, இங்கே நானும் அந்தப் பட்டியலை ஒரு கிழமைக்கு மேல் செய்யவில்லை. வேலை முடிந்து இரவு வந்து மைக்ரோவேவில் சூடாக்கித்தான் சாப்பிடுகிறேன். அப்பாவாவது ஒழுங்காக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

துஷி
தெரியும் மச்சாள். படுங்கள், அங்கே இரவு.

கஜன்
சரி. நாளைக்கு யார்?

ரவிச் சித்தப்பா
மழை விட்டால் நான் மோட்டார்சைக்கிளில் வருவேன். விடாவிட்டால் பார்ப்போம்.

கஜன்
பிரசர் ஆளை மழையில் மோட்டார்சைக்கிளில் ஏற்றவா சித்தப்பா?

மல்லாவிப் பெரியப்பா, 7.20
நான் ஓட்டோ பிடித்து வருகிறேன். காலை 6 மணிக்கு வாசலில் நிற்பேன். தம்பி ஆயத்தமாக இருக்கட்டும். மதிலைப் பற்றி ஓட்டோவுக்குள் கதைக்க மாட்டேன்.

அம்மா
வாருங்கள் அத்தான். காலைச் சாப்பாடு இங்கேதான்.

ரவிச் சித்தப்பா
ஏணியையும் ஓட்டோவில் போட்டு வாருங்கள் பெரியண்ணை

மல்லாவிப் பெரியப்பா
12 அடி ஏணியா

அப்பா, 7.31
🎤 குரல் பதிவு 0:06

கஜன்
என்ன சொல்கிறார்?

அம்மா
பெரியண்ணை வந்தால் திரும்பி வரும்வரைக்கும் கதைதான், தான் ரவியோடே போகிறாராம். அதோடு அதிமதுரம் அரைப் போத்தல் மிச்சம், கனடாக் காசு, எறிய மனமில்லையாம். ஆருக்காவது வேணுமா என்று கேட்கிறார்.